சர்வர் அப்டேட்டை நிறுத்தலாமா? நிறுத்தலாம்... ஆனா எத்தனை நாளைக்கு?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருள் இருக்கும் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. யாரும் 'ஓகே' அழுத்தவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கப்படவும் இல்லை. தானாக வந்தது, தானாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் உலகம் முழுக்க நீலத்திரை.

காலை 10.57-க்கு அந்த அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. மொத்தம் 78 நிமிடம்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன என்று கணக்கு சொன்னது மைக்ரோசாஃப்ட். நம்ம நாட்டு விமான நிலையங்களில் செக்-இன் தடுமாறி, பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் படங்கள் வைரலாகின. இண்டிகோ மட்டும் சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது.

அன்றிலிருந்து ஆபீஸ்களில் ஒரு அறிவுரை சகஜமாகிவிட்டது: "எதுக்கு சார் ரிஸ்க்? ஆட்டோ அப்டேட்டையே ஆஃப் பண்ணி விட்ருங்க." இதில் பாதி சரி. மீதி பாதி ரொம்ப ஆபத்து. சர்வருக்கு வரும் பிரச்சினையான அப்டேட்டை நிறுத்தி வைப்பதில் தப்பே இல்லை. எப்போது திறப்போம் என்று முடிவு செய்யாமல் நிறுத்துவதுதான் தப்பு.

சர்வர் என்றால் பெரிய கம்பெனிக்கு மட்டுமா?

'சர்வர்' என்றதும் குளிர்பதன அறையும் வரிசையாக விளக்கு மின்னும் அலமாரியும் ஞாபகத்துக்கு வரும். புதுச்சேரி டவுனில் பெரும்பாலான சர்வர்கள் அப்படி இருக்காது. நேரு வீதி ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே, யுபிஎஸ் பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிபியு. நாலு பில்லிங் கவுன்டரும் அதைத்தான் நம்பி ஓடும். டாலி கணக்கு அதில்தான் இருக்கும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் சம்பளப் பட்டியலும் ஸ்டாக் கணக்கும் இருக்கும் அந்த ஒரே மெஷினும் சர்வர்தான்.

ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸ்களில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டு விருந்தினர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய தகவலை அரசுக்கு அனுப்ப வேண்டும். அதற்காக பாஸ்போர்ட், விசா நகல் எல்லாம் ரிசப்ஷன் கணினி வழியாகத்தான் போகும். பல இடங்களில் அந்த நகல்கள் அங்கேயே தங்கியும் விடும். அந்தக் கணினி ஒரு நாள் நின்றால் வியாபாரம் கெடும். அதில் இருப்பது வெளியே போனால் வேறொருவருடைய அடையாளமே கைமாறும். சின்ன இடத்து சர்வருக்கும் இந்த இரண்டு அபாயமும் உண்டு. ஒன்றைத் தவிர்க்க நினைத்து இன்னொன்றில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கம்.

ஒரு அப்டேட் எப்படி சர்வரையே சாய்க்கும்?

கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரத்தில் காரணம் ரொம்பச் சின்னது. அனுப்பப்பட்ட கோப்பில் 21 உள்ளீட்டு இடங்கள். அதைப் படிக்கும் மென்பொருள் எதிர்பார்த்தது 20. இல்லாத 21-வது இடத்தைப் போய்ப் படிக்க முயன்றது. சாதாரண ஆப் என்றால் அது மட்டும் மூடிக்கொள்ளும், நாம் திரும்பத் திறப்போம். இந்த மென்பொருளின் முக்கியமான பகுதி வேலை செய்வது 'கெர்னல்' எனப்படும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தில். அங்கே ஒன்று தவறினால் மொத்த கணினியும் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தாலும் அதே கோப்பு, அதே நீலத்திரை.

கண்டிப்பாகச் சொன்னால் அது விண்டோஸ் அப்டேட் அல்ல, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சொந்த அப்டேட்டும் இதே வேலையைச் செய்திருக்கிறது.

2022 ஜனவரி 11-ம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திர அப்டேட்டைப் போட்டதும், நிறுவனங்களின் லாகின்களை நிர்வகிக்கும் 'டொமைன் கன்ட்ரோலர்' சர்வர்கள் சில, தாமாகவே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. ஒரே மெஷினில் பல சர்வர்களை ஓட்ட உதவும் 'ஹைப்பர்-வி' சில இடங்களில் எழுந்திருக்கவே இல்லை. ஜனவரி 17-ம் தேதி அவசரத் திருத்தம் வந்தது. நடுவில் போனது 6 நாள்.

2024 நவம்பரில் நடந்தது இன்னும் விநோதம். விண்டோஸ் சர்வர் 2022 ஓடிக்கொண்டிருந்த சில நிறுவனங்களில், சர்வர்கள் தாமாகவே சர்வர் 2025-க்கு மாறிவிட்டன. அப்டேட்களை நிர்வகிக்க அவர்கள் வைத்திருந்த வேறு நிறுவனங்களின் கருவிகள், முழு வெர்ஷன் மாற்றத்தை வழக்கமான அப்டேட் என்று நினைத்துப் போட்டுவிட்டன. புது வெர்ஷனுக்குப் புது லைசென்ஸ் வேண்டும். பழையதுக்குத் திரும்ப சுலபமான பட்டன் கிடையாது, பேக்கப்பில் இருந்துதான் மீட்க வேண்டும். பேக்கப் இல்லாதவர்கள்? அவர்களுக்கு நல்ல பதில் எதுவும் இல்லை.

அப்போ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடலாமே?

இதற்குப் பதில் 2017-ல் கிடைத்தது. விண்டோஸில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்று அந்த வருடம் மார்ச் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12-ம் தேதி அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்கும் ரான்சம்வேர் அது. பூட்டு வந்து 59 நாள் ஆகியும் போடாதவர்கள் வீட்டில்தான் முக்கியமாகத் திருட்டு நடந்தது.

பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ரத்தான அப்பாயின்ட்மென்ட்கள் 19,000-க்கும் மேல் இருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. நம்ம பக்கத்தில் ஆந்திர போலீஸ் கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தான கணினிகள் சிலவும் மாட்டின.

இப்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-ல் கெட்ட அப்டேட்டுக்குத் திருத்தம் வர ஆனது 6 நாள். 2017-ல் நல்ல அப்டேட்டைப் போடாமல் விட்டவர்களை ஆபத்து தேடி வர ஆனது 59 நாள். முதல் நாளே கண்ணை மூடிப் போட்டவர்களும் அடிவாங்கினார்கள், இரண்டு மாதம் போடாமல் விட்டவர்களும் அடிவாங்கினார்கள். ஒரு வாரம் பொறுத்திருந்து, பிறகு மறக்காமல் போட்டவர்கள் இரண்டிலும் தப்பியிருப்பார்கள். என் வாதம் இவ்வளவுதான்: அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள், ஆனால் தள்ளிப்போடும்போதே தேதியைக் குறித்துவிடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இந்த 59 நாள் அவகாசம் எப்போதும் கிடைக்காது. ஹேக்கர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓட்டை என்றால் ஒரு வாரம்கூட காத்திருக்கக் கூடாது. 2025 அக்டோபரில் நடந்தது ஒரு பாடம். நிறுவனங்கள் தங்கள் விண்டோஸ் அப்டேட்களைத் தாங்களே கட்டுப்படுத்த வைத்திருக்கும் 'டபிள்யூசஸ்' என்ற வசதியிலேயே பெரிய ஓட்டை. அக்டோபர் 23-ம் தேதி அவசரத் திருத்தம் வந்தது, அடுத்த நாளே தாக்குதல் நடப்பது உறுதியானது. அப்டேட்டை வடிகட்டும் காவலாளிக்கே அன்றைக்கு அவசர அப்டேட் தேவைப்பட்டது. நம் நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. உங்கள் ஏஎம்சி ஆள் அதைப் பார்க்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

'பிளாக்' என்பதில் பலருக்குத் தெரியாத சிக்கல்

"அந்த ஒரு அப்டேட்டை மட்டும் பிளாக் பண்ணிட்டேன் சார், மத்தது எல்லாம் வரும்" என்று சொல்வார்கள். விண்டோஸில் அது பாதி உண்மைதான். மாதாந்திர அப்டேட்கள் இப்போது ஒரே மூட்டையாகத்தான் வருகின்றன. அந்த மாதத்தின் பாதுகாப்புத் திருத்தங்கள் மொத்தமும், அதற்கு முந்தைய மாதங்களின் திருத்தங்களும் சேர்ந்தே இருக்கும். பிரின்டரைக் கெடுக்கிறது என்று அந்த மூட்டையை வெளியே நிறுத்தினால், அதற்குள் இருக்கும் எல்லாப் பூட்டுகளும் வெளியே நிற்கும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. அடுத்த மாத மூட்டையில் இந்த மாதச் சரக்கும் இருக்கும், பெரும்பாலும் பிரச்சினைக்கான திருத்தமும் இருக்கும். அதனால் ஒரு அப்டேட்டை நிறுத்தினால், அந்தத் தடையின் ஆயுள் அதிகபட்சம் அடுத்த மாத அப்டேட் வரைதான் இருக்க வேண்டும். அதையும் சேர்த்து நிறுத்தினால் அப்புறம் அது தற்காலிகத் தடை கிடையாது, அலட்சியம்.

இன்னொரு சிக்கல், பிளாக் செய்ததாக நாம் நம்புவதும் உண்மையில் பிளாக் ஆனதும் ஒன்றாக இருக்காது. கிரவுட்ஸ்ட்ரைக் வாடிக்கையாளர்களில் பலர் கவனமானவர்கள். 'புது வெர்ஷன் வேண்டாம், ஒன்று இரண்டு வெர்ஷன் பின்னாலேயே இருக்கிறோம்' என்று செட்டிங் வைத்திருந்தவர்கள். அவர்கள் கணினியும் விழுந்தது. அந்த செட்டிங் மென்பொருளின் வெர்ஷனுக்கு மட்டும்தான், அன்று வந்தது 'கன்டென்ட்' அப்டேட். அதற்குக் கதவே கிடையாது. சம்பவத்துக்குப் பிறகுதான் கன்டென்ட் அப்டேட்டை எப்போது வாங்குவது என்று வாடிக்கையாளர் தீர்மானிக்கும் வசதியும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும் முறையும் வந்தன.

சரி, சின்ன ஆபீஸில் என்ன செய்யலாம்?

இதற்குத் தனி ஐடி டிபார்ட்மென்ட் தேவையில்லை. ஏஎம்சி பார்ப்பவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் முடியும்.

முதல் வேலை பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது. ஒருமுறை அதிலிருந்து திருப்பி எடுத்துப் பார்க்க வேண்டும். "பேக்கப் ஆகுது சார்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள், போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்த பேக்கப் எப்போதும் சர்வரோடு இணைந்தே இருக்கக் கூடாது. இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

இரண்டாவது, தானாகப் போட்டுக்கொள்ளும் வேலையை சர்வரில் மட்டும் மாற்றுங்கள். விண்டோஸ் சர்வரில் 'எஸ்கான்ஃபிக்' என்ற மெனுவில் அப்டேட்டுக்கு மூன்று நிலை உண்டு: தானாகப் போடு, டவுன்லோட் மட்டும் செய், எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். நடுவில் இருப்பதுதான் சின்ன ஆபீஸுக்குச் சரி. அப்டேட் வந்து காத்திருக்கும், நீங்கள் சொன்னால்தான் ஏறும். 'குரூப் பாலிசி' வழியாக மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரை தள்ளிவைக்கவும் முடியும். 7 நாள் போதும். லினக்ஸில் உபுண்டு சர்வர் என்றால் பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறுவது வழக்கம். அங்கே குறிப்பிட்ட ஒரு தொகுப்பை மட்டும் 'ஹோல்ட்' செய்து நிறுத்தலாம், மற்றவை வந்துகொண்டே இருக்கும். விண்டோஸை விட இது துல்லியமான தடை.

மூன்றாவது, ஒரு சோதனை கணினி. அதிகம் முக்கியமில்லாத ஒரு மெஷினில் அப்டேட் முதலில் ஏறட்டும். அதிலிருந்து ஒரு பில் போட்டு, பிரின்ட் எடுத்து, டாலி திறந்து பாருங்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் சர்வருக்குப் போடலாம்.

நான்காவது, நாள் பார்ப்பது. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை வெளியிடுவது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அமெரிக்க நேரம் காலை, நமக்கு அன்று இரவு. அப்படியே விட்டால் புதன்கிழமை காலை கடை திறக்கும்போது உங்கள் சர்வர் புது அப்டேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் தள்ளினால் மூன்றாவது வாரம் செவ்வாய் அல்லது புதன் இரவு வரும். புதுச்சேரிக்கு இது தோதான நாள். கெஸ்ட் ஹவுஸுக்கு வெள்ளி முதல் ஞாயிறு வரை மூச்சுவிட நேரமிருக்காது. காந்தி வீதி சண்டே மார்க்கெட் கூட்டத்தில் சுற்றுவட்டக் கடைகளுக்கும் அப்படித்தான். 'ஞாயித்துக்கிழமை லீவுதானே, அன்னைக்குப் போட்டுக்கலாம்' என்பது ஐடி கம்பெனிக்குப் பொருந்தும், டவுன் கடைக்குப் பொருந்தாது. மறுநாள் காலை ஏஎம்சி ஆள் வர முடிகிற நாளாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, சர்வர் பக்கத்தில் ஒரு நோட்டு. எந்த அப்டேட்டை நிறுத்தினோம், அதன் 'கேபி' எண் என்ன, ஏன் நிறுத்தினோம், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்போம், யார் பார்ப்பார்கள். இதை எழுதாமல் எந்தத் தடையும் போடக் கூடாது. அதே நோட்டில், அல்லது பீரோவில் ஒரு கவரில், 'பிட்லாக்கர்' ரெக்கவரி கீ இருக்கட்டும். கிரவுட்ஸ்ட்ரைக் நாளில் கெட்ட கோப்பை அழிப்பது சில நிமிட வேலைதான். ஆனால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்த கணினிகளில் 48 இலக்க கீ இல்லாமல் உள்ளேயே போக முடியவில்லை. அந்த கீ சேமித்து வைக்கப்பட்டிருந்த சர்வரே விழுந்து கிடந்தால் என்ன கதி?

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் 'சர்வர்' உண்மையில் விண்டோஸ் 10 போட்ட சாதாரண பிசியா? 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராவிட்டால் அதற்கு அப்டேட்டே வராது. நீங்கள் எதையும் பிளாக் செய்யாமலேயே எல்லாம் பிளாக் ஆகியிருக்கும். பிரச்சினை எதுவும் தெரியாததால் நல்லா ஓடுது என்று தோன்றும்.

பொறுப்பு யாருடையது?

"இதெல்லாம் மைக்ரோசாஃப்ட் செய்ய வேண்டிய வேலை, நாங்க ஏன் கவலைப்படணும்?" என்ற கேள்வி நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய பொருள், சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரியோடு ராத்திரியாக மாறக் கூடாது. முழு வெர்ஷன் மாற்றமும் பாதுகாப்புத் திருத்தமும் ஒரே கதவு வழியாக வரக் கூடாது. ஒரு மாதத்தில் ஒரு திருத்தம் கெட்டுப்போனால் அதற்காக மற்ற எல்லாத் திருத்தத்தையும் நாம் இழக்கும்படி மூட்டை கட்டக் கூடாது. நாம் இதையெல்லாம் சத்தமாகக் கேட்க வேண்டும். கேட்டதால் கொஞ்சம் மாறியும் இருக்கிறது. 2024-க்குப் பிறகு பாதுகாப்பு மென்பொருள்களை கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையை மைக்ரோசாஃப்ட் தொடங்கியிருக்கிறது.

ஆனால் சட்டம் கேள்வி கேட்கப்போவது மைக்ரோசாஃப்டை மட்டும் இல்லை. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. சின்ன கெஸ்ட் ஹவுஸுக்கு அந்த உச்சத் தொகை வராது என்று வைத்துக்கொண்டாலும், பாஸ்போர்ட் நகல் கசிந்த விருந்தினர் கேட்கும் கேள்விக்கு, "அப்டேட் வந்தா பிரின்டர் வேலை செய்யலைன்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஆஃப் பண்ணோம்" என்று பதில் சொல்ல முடியுமா?

ஏஎம்சி ஒப்பந்தங்களும் இதில் மாற வேண்டும். இன்றைக்கு அதில் இருப்பது பெரும்பாலும் 'கணினி கெட்டால் வந்து பார்ப்போம்' என்ற ஒற்றை வரிதான். மாதம் ஒருமுறை அப்டேட் போடுவது, நிறுத்தியதன் பட்டியல் கொடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பைத் திறந்து காட்டுவது என்று மூன்று வரி சேர்க்கலாம். அதற்குக் கொஞ்சம் அதிகக் காசு கேட்டால் கொடுப்பதில் தப்பில்லை. கூப்பிட்டால்தான் வருவார், வந்தால்தான் காசு என்ற ஏற்பாட்டில், எதுவும் கெடாமல் பார்த்துக்கொள்கிறவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அப்படி இருக்கும்போது, எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுப் போவதுதான் அவருக்கும் சுலபம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஆபீஸ் சர்வரில் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, கடைசியாக எந்தத் தேதியில் அப்டேட் ஏறியது என்று பாருங்கள். ஒரு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. போன வருடத்துத் தேதி என்றால், யாரோ எப்போதோ ஒரு நல்ல காரணத்துக்காக அதை நிறுத்திவிட்டுத் திறக்க மறந்திருக்கிறார்கள். முதலில் பேக்கப்பைச் சரிபாருங்கள். அடுத்த செவ்வாய் இரவுக்கு நேரம் குறியுங்கள்.